தொம்மை அனுப்பிய ஆள்

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் கழிந்து வந்த செவ்வாய்க்கிழமை காலையில், வெள்ளித்துறைக் கடற்கரையில் மீன் ஏலம் முடிந்து ஐஸ் வண்டிகள் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், ஜெசிந்தாவுக்கு வர வேண்டிய மின்னஞ்சல்கள் நடந்தே வந்து சேர்ந்தன. பஸ்ஸில் வந்து இறங்கினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. உப்பளங்களுக்கு நடுவே போகும் மண்பாதையில் ஒருவர் பின் ஒருவராக, பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகிறவர்களைப் போல அவசரமில்லாமல் நடந்து வந்து, மாதா சிலை வைத்த கெபியருகே திரும்பி, மூன்றாவது சந்தில் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். முதல் நாள் பதினோரு பேர்.

முன்னால் நின்றவன் கோட்டு போட்டிருந்தான். அந்த வெயிலிலும் அவன் கழுத்தில் ஒரு பொட்டு வியர்வை இல்லை, இரண்டு மைல் மண்பாதை நடந்தவன் ஷூவில் ஒரு தூசி இல்லை. கையில் சாளை மீன் செதிளோடு வெளியே வந்த ஜெசிந்தா, "யாரு வேணும்?" என்றாள். அவன் அவள் கேட்டதைக் காதில் வாங்காமல், "அன்புள்ள ஜெசிந்தா எண்பத்தேழு அவர்களே, வாழ்த்துக்கள், நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள்" என்று ஆரம்பித்து, ஒரு பெரும் பரிசைப் பற்றி நிறுத்தி நிறுத்திக் கடைசிவரை சொல்லி முடித்து, வாயை மூடிக்கொண்டு ஓரமாக நின்றான். நடுவில் அவள் பேசியதற்கு அவன் நிற்கவுமில்லை, திரும்பச் சொல்லவுமில்லை. அவனுக்குப் பின்னால் நின்றவள் மெலிவதற்கான மாத்திரையைப் பற்றிச் சொன்னாள். அதற்கடுத்தவன் அவளுடைய கணக்கு முடக்கப்பட்டுவிட்டது என்றான்.

எண்பத்தேழு என்றதுமே ஜெசிந்தாவுக்குப் புரிந்துவிட்டது. உலகத்தில் இருக்கிற மற்ற ஜெசிந்தாக்கள் எல்லாம் முந்திக்கொண்டதால், பிரவுசிங் சென்டர்க்காரன் அவள் முகவரியின் வாலில் ஒட்டிவைத்த எண் அது. அவள் உள்ளே ஓடிப்போய்ப் போனைத் திறந்து பார்த்தாள். மின்னஞ்சல் பெட்டி கழுவிக் கவிழ்த்த சட்டியாகக் காலியாக இருந்தது. அன்றிலிருந்து அதில் எதுவும் வரவில்லை. வருவது எல்லாம் காலால் நடந்து வாசலுக்கே வந்தது.

அவளுக்கு அந்த முகவரி பெலிக்ஸ் அந்த சென்டர்க்காரனிடம் சொல்லி வைத்துக்கொடுத்தது. பெலிக்ஸ் அவள் புருஷன், சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் ஆயில் போடுகிறவன். எட்டு மாதத்துக்கு முன் ஏறிய கப்பலை, முதலாளி நடுவழியில் கைகழுவிவிட்டுப் போனான். ஏதோ ஒரு தேசத்துக் கரை தெரிகிற தூரத்தில் நங்கூரம் போட்டு நிறுத்தி, முகப்பில் இருந்த பெயரை பெயிண்டால் அழித்து, வேறு பெயர் எழுதி, ரேடியோவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். டீசல் தீர்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு தம்ளர். தை மாதக் கடைசியில் பெலிக்ஸிடமிருந்து வந்த மின்னஞ்சலில் இவ்வளவும் இருந்தது. 'இடம் எதுன்னு விசாரிச்சிட்டிருக்கோம், தெரிஞ்சதும் எழுதுதேன், அதைக் கொண்டுபோய்க் குடு, வந்து கூட்டிட்டுப் போவாங்க' என்று அதன் முடிவில் இருந்தது. அதற்குப் பிறகு அவன் போன் செத்துவிட்டது. சென்னையில் கப்பல்காரர்களுக்காக ஒரு நலச் சங்கம் நடத்தும் வைதேகி மேடமும் போனில் அதையேதான் சொன்னார்: "எங்க நிக்குதுன்னு மட்டும் தெரியட்டும்மா, ரெண்டே நாள்ல ஆள் அனுப்பலாம். கடல் பூரா எங்க போய்த் தேடுறது?"

ஆகவே ஜெசிந்தா காத்திருந்தாள். சும்மா காத்திருக்க முடியாமல், கடலில் சிக்கியவர்களை மீட்டுத் தருகிறோம் என்று இணையத்தில் யார் எங்கே எழுதியிருந்தாலும் அங்கெல்லாம் தன் முகவரியைக் கொடுத்தாள். மனு போடும் இடம், ஜெபம் செய்யும் இடம், காணாமல் போனவர்களைக் கண்டுபிடிக்கும் இடம் என்று நாற்பது ஐம்பது இடம். அந்த முகவரியை யார் யாருக்கு விற்றார்களோ, யார் யார் வாங்கினார்களோ, அது நமக்குத் தெரியாது. வந்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இரண்டாம் நாள் முப்பது, நான்காம் நாள் எழுபது, முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர் வெளியே வந்தபோது சந்து நிறைந்து, கெபி தாண்டி, ஐஸ் ஃபேக்டரி மதில்வரை வரிசை நின்றது.

ஊர் மிரண்டது இரண்டு நாள்தான். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துப் பார்த்தார். நனைந்தார்கள், காய்ந்தார்கள். போலீஸ்காரர் வந்து யார் மேல் புகார் எழுதுவது என்று கேட்டு, பெயரைக் கேட்கப் போய், ஒருவன் தன்னை ஒரு தேசத்தின் இளவரசன் என்று சொன்னதும் நோட்டை மூடிக்கொண்டு போனார். கிராம நிர்வாக அலுவலர், இதற்குப் படிவம் இல்லை என்றார். அவர்கள் சாப்பிடவில்லை, உட்காரவில்லை, தூங்கவில்லை, யாரையும் தொடவில்லை. செய்தி ஜெசிந்தாவுக்கு மட்டும்தான். மற்றவர்கள் கேட்டால் யாரிடமிருந்து வருகிறார்கள், என்ன விஷயமாக என்று ஒரு வரி மட்டும் சொல்வார்கள். சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தபின் நிற்பார்கள், அவ்வளவுதான். தொல்லை தராத ஒன்றைக் கண்டு மனிதன் எத்தனை நாள்தான் பயப்படுவான்? ஐந்தாம் நாள் வலைக்காரர்கள் அவர்கள் தோள்களில் வலையைக் காயப்போட்டார்கள். ஆள் ஆடாமல் நிற்பதால் கிழிசல் பார்த்துக் கட்ட வசதியாக இருந்தது. ரேஷன் கடை வரிசையில் இடம் பிடிக்கப் பை வைப்பதற்குப் பதில் அவர்களை நிறுத்தினார்கள். ஆளில்லாத ஒரு கிழவரின் சாவுக்கு நூறு பேரைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்த, ஊரே மூக்கில் விரல் வைக்கும்படி அந்த அடக்கம் நடந்தது. தேர்தலுக்கு நிற்க இருந்த ஒருவர் தூத்துக்குடியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, கை தட்டுவார்களா என்று கேட்டார். தட்டமாட்டார்கள் என்றதும் வருத்தத்தோடு போனார்.

எதிர்வீட்டு லூர்தம்மா, பெலிக்ஸின் அக்கா, வந்தவர்களில் ஒரு வெள்ளைக்கார விதவையைத் தன் வீட்டு நிழலுக்கு நகர்த்தி வைத்துக்கொண்டாள். அந்த விதவைக்குப் புற்றுநோய், பிள்ளையில்லை, சாவதற்குள் தன் சொத்தை ஜெசிந்தாவுக்கு எழுதிவைக்க வேண்டும் என்பது அவள் கொண்டுவந்த செய்தி. பொய் என்று லூர்தம்மாவுக்கும் தெரியும். "பொய்யா இருந்தா என்ன, வயித்துல கட்டின்னு சொல்லுதா, கேட்டுட்டு எப்படிச் சும்மா இருக்க?" என்று சாயங்காலம் சாயங்காலம் அவளுக்காக ஜெபமாலையை உருட்டி ஐம்பத்து மூன்று மணி ஜெபம் சொன்னாள்.

ஜெசிந்தாவுக்கு மட்டும் இதில் எந்த வேடிக்கையும் இல்லை. வருகிற ஒவ்வொருவரையும் அவள் முழுதாகக் கேட்டாக வேண்டும். எவன் பெலிக்ஸிடமிருந்து வந்தவனோ, யாருக்குத் தெரியும்? காலையில் கட்டங்காப்பியைக் குடித்துவிட்டு வாசற்படியில் நின்றால் விளக்கு வைக்கும்வரை பரிசு, மாத்திரை, மலிவு விலைக் கண்ணாடி, பூட்டிய கணக்கு, இறந்துபோன ஜெனரலின் பெட்டி, மீண்டும் பரிசு. ஒவ்வொரு புது முகத்தையும் பார்க்கும்போது நெஞ்சு ஒரு முறை எழும்பி, அவன் வாயைத் திறந்ததும் விழும். ஒரு நாளைக்கு முந்நூறு முறை எழும்பி முந்நூறு முறை விழுந்தால் நெஞ்சு என்னத்துக்கு ஆகும்? இரண்டாவது வாரம் அவள் உலை வைப்பதையே விட்டாள். சோறு இறங்கவில்லை. ஒரு நாள் முந்நூற்றுப் பத்தாவது ஆள் பேசுகையில் நின்றபடியே கண்ணயர்ந்து, அவன் என்ன சொன்னான் என்று தெரியாமல், அவன் திரும்பச் சொல்லமாட்டான் என்பதும் தெரிந்து, அவன் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.

அந்த வாரத்தில்தான் கறுப்புச் சட்டைக்காரன் ஒருவன் வந்தான். தெருவில் ஆண்களும் பெண்களும் நிற்க, "உன் அறையில் நீ தனியாக இருக்கும்போது செய்ததை எல்லாம் நான் படம் பிடித்து வைத்திருக்கிறேன்" என்று தெளிவாகச் சொன்னான். உலகத்தில் கோடிப் பேருக்கு அதே சொல் அப்படியே போகிறது என்பது படித்தவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் சந்து அதை ஒரு வாரம் மென்றது. புருஷன் கடலில் கிடக்கிறான், இவள் அறையில் என்ன செய்தாளாம் என்று குழாயடியில் பேசியவர்களில், முந்தின நாள் அவளுக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர்களும் இருந்தார்கள். ஜெசிந்தா குனிந்த தலையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இதைப் பார்த்து மனசு கேட்காமல்தான் ராயப்பன் முன்வந்தார். அவர் ஊர்க் கமிட்டித் தலைவர். முப்பது வருஷம் தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் சரக்கை எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனை ஆயிரம் மூட்டை இறங்கினாலும் நல்லது எது, நனைந்தது எது என்று ஒரு சாக்பீஸ் துண்டை வைத்தே பிரித்துவிடுவேன் என்பது அவர் பெருமை. நல்ல மனிதர். அதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது, பிறகு சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

"ஏ ஜெசி, நீ ஒருத்தி இவ்ளோ பேரையும் கேட்டுச் சாவணுமா? கெபிகிட்டயே நான் நிக்கேன். வாரவன் யார்கிட்டருந்து வாரான்னு கேப்பேன். கள்ளம்னா முதுகுல ஒரு பெருக்கல் குறி. நேரா கைவிட்ட உப்பளத்துக்குப் போயிருவான். சந்தேகம்னா மட்டும் ஒன் வாசலுக்கு விடுதேன். கள்ளத்த எப்படிக் கண்டுபிடிக்கதுன்னு மட்டும் நீ சொல்லு."

ஜெசிந்தா யோசித்தாள். மூவாயிரம் பேரைக் கேட்டவள், அவளைவிட யாருக்குத் தெரியும்? "அவசரம் அவசரம்னு வாரவன் கள்ளன், மாமா. உதவி செய் உதவி செய்னு வாரவன் கள்ளன். தெரியாத பேரைச் சொல்லிட்டு வாரவனும் கள்ளந்தான். அவுக அப்படி எழுத மாட்டாவ" என்றாள்.

"அது போதும்" என்றார் ராயப்பன்.

மறுநாளே நான்கு இளவட்டங்களையும் ஒரு குடையையும் வைத்துக்கொண்டு கெபியடியில் நின்றார். அன்று முந்நூற்று நாற்பது பேர் வந்ததில் ஜெசிந்தாவின் வாசலுக்கு வந்தவர்கள் ஆறு பேர். ஆறையும் கேட்டுவிட்டு அவள் குளித்தாள், மீன் குழம்பு வைத்தாள், பகலிலேயே பாயை விரித்துப் படுத்துத் தூங்கினாள். இரண்டு மாதத்தில் அவள் தூங்கிய முதல் தூக்கம் அது. அந்தத் தூக்கத்துக்காக அவளை யாரும் குற்றம் சொல்ல முடியாது, அவளைத் தவிர.

தவக்காலத்தின் நான்காம் வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து எல்லாரும் கோயில் முற்றத்தில் நின்றபோது, ராயப்பன் சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஏளா, இன்னிக்கி ஒங்க மாமனார்கிட்டருந்து ஒருத்தன் வந்தான்!"

"எங்க மாமனாரா?"

"ஆமா. யார்கிட்டருந்து வாரேன்னு கேட்டா, தொம்மை அனுப்பினார்ங்கான். அவசரம், உதவி வேணும்னு வேற சொன்னான். ஏல, தொம்மைய நான்தாம்ல தூக்கிட்டுப் போயி அடக்கம் பண்ணேன், பன்னெண்டு வருசம் ஆச்சு, அவரு எந்த பிரவுசிங் சென்டருக்குப் போயி அனுப்புனாரு, வாய மூடுலன்னேன். மூடிட்டான். குறியப் போட்டு அனுப்பிட்டேன்."

முற்றம் சிரித்தது. லூர்தம்மா, தன் அப்பாவை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். செத்தவனைக்கூட விடுவதில்லை இந்தக் கள்ளப் பயல்கள் என்றார்கள். ஜெசிந்தாவும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, அடக்க அடக்கப் பீறிக்கொண்டு வந்த சிரிப்பு. அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

ஐந்தாவது வாரம் இன்னொன்று தெரிந்தது. முதல் நாள் வந்த பதினோரு பேரும், வந்ததிலிருந்து முப்பதாம் நாள், விடியும்போது பாதத்தில் தொடங்கி, வெயில் ஏற ஏறக் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று மேல்நோக்கிக் கரைந்து, உச்சிப் பொழுதுக்குள் இல்லாமல் போனார்கள். இரண்டாம் நாள் வந்தவர்கள் அதற்கு மறுநாள் போனார்கள். ஊர் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. வருகிறவன் வரட்டும், முப்பது நாளில் போய்விடுவான், இடம் காலியாகிவிடும் என்று கமிட்டி கூடிப் பேசி, உப்பளத்தில் அவர்களை வந்த நாள் வரிசைப்படி பாத்தி பாத்தியாக நிறுத்த ஏற்பாடு செய்தது. வலைக்காரர்கள் மட்டும், கரைகிற நாளில் வலை தரையில் விழுந்து மண்ணாகிறது என்று குறைபட்டுக்கொண்டார்கள்.

உயிர்ப்புத் திருநாளாகிய ஈஸ்டர் போய், அதை அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும், வைதேகி மேடம் போன் செய்தார்.

"ஜெசிந்தாம்மா, பழைய ஏஜெண்டைப் பிடிச்சு அந்தக் கப்பல் ஆட்கள் லிஸ்ட்டை வாங்கிட்டோம். ஆனா பெலிக்ஸ்னு யாரும் அதுல இல்லையே. ஆயிலர் ஒருத்தர்தான் நம்ம ஊர் ஆள். தொம்மைன்னு போட்டிருக்கு."

"தொம்மை எங்க மாமனாரு, மேடம். செத்துட்டாவ."

"ஓ, அப்பா பேரா? அப்போ அவர்தான். நம்மகிட்ட குடும்பப் பேருன்னு ஒண்ணு இல்லையேம்மா, பாஸ்போர்ட்ல அந்த இடத்துல அப்பா பேரைத்தானே எழுதுறோம். வெளிநாட்டுக்காரன் அதைத்தான் ஆள் பேருன்னு நினைப்பான். கப்பல்ல எல்லாரும் அவரை தொம்மைன்னுதான் கூப்பிட்டிருப்பாங்க. யாராவது போனை அவருக்குக் கடன் குடுத்து, அவர் பேர் போட்டு ஏதாவது அனுப்பினாலும் அந்தப் பேர்லதான் வரும். அப்படி ஏதும் வந்துச்சா?"

ஜெசிந்தாவின் கையிலிருந்த போன் தரையில் விழுந்தது. அவள் சிரித்த சிரிப்பு அவள் காதிலேயே கேட்டது. நான்காம் வெள்ளி. விரல் விட்டு எண்ணினாள். எண்ணி முடிக்கும் முன்பே ஓடத் தொடங்கிவிட்டாள், இன்று முப்பதாம் நாள்.

கெபியடியில் குடையின் கீழ் நின்ற ராயப்பன், தலைமுடி அவிழ ஓடுகிறவளைப் பார்த்து, "என்னளா? என்ன?" என்றார். "தொம்மை, மாமா, அது அவுகதான், அவுக அனுப்புன ஆளு" என்று ஓட்டத்திலேயே கத்தினாள். ராயப்பனுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் கையில் இருந்த சாக்பீஸை எறிந்துவிட்டு, அறுபத்தெட்டு வயது மனிதர், செருப்பை விட்டுவிட்டு அவள் பின்னால் ஓடினார்.

கைவிட்ட உப்பளத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் நின்றார்கள். பாத்தி பாத்தியாக, ஒரே பக்கம் பார்த்து, முதுகில் வெள்ளைப் பெருக்கல் குறியோடு நின்றார்கள். வெயில் தரையில் பட்டு முகத்தில் அடித்தது. வரப்பில் ஏறி நின்று ஜெசிந்தா தொண்டை கிழியக் கத்தினாள்: "தொம்மை அனுப்புன ஆளு யாரு? தொம்மைகிட்டருந்து வந்தது யாரு?"

பத்தாயிரம் தலைகள் திரும்பின. பத்தாயிரம் வாய்கள் திறந்தன. "நான்தான் தொம்மை அனுப்பிய ஆள்" என்றான் கோட்டு போட்ட ஒருவன். "நான்தான் தொம்மை அனுப்பிய ஆள்" என்றாள் ஒரு மாத்திரைக்காரி. ஓர் இளவரசன் சொன்னான், ஜெனரலின் வக்கீல் சொன்னான், வங்கியிலிருந்து வந்தவன் சொன்னான், கண்ணாடி விற்கிறவன் சொன்னான். வரிசை வரிசையாக, பாத்தி பாத்தியாக, முடிந்த இடத்தில் மறுபடி ஆரம்பித்து, அந்த ஒரே வாக்கியம் உப்பளம் முழுக்க எழும்பி அவளை நெருக்கியது. பொய் சொல்வதற்கென்றே பிறந்தவர்களிடம் ஒரு பெயரைக் கொடுத்தால் வேறென்ன செய்வார்கள்? ஜெசிந்தா காதைப் பொத்திக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ராயப்பன் மூச்சிரைக்க வந்து அவளைத் தூக்கினார். "ஏ, எந்திரி. நான் அவன வாய மூடுன்னேன். மூடிட்டான். திறக்கச் சொல்லல்ல. பேசாதவனப் பாரு. பேசாம நிக்கிறவனப் பாருளா!"

இருவரும் ஓடினார்கள். அந்த வெள்ளிக்கிழமை வந்தவர்களின் பாத்தி பம்புசெட் அறைக்குப் பின்னால் இருந்தது. அங்கே நின்றவர்களுக்கு இடுப்புக்குக் கீழே ஏற்கெனவே ஒன்றுமில்லை. அசையும் வாய்களைத் தள்ளித் தள்ளி, ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குப் போய், கடைசி வரிசையில், யாரோ காயப்போட்ட நீல நைலான் வலைக்கு அடியில், உதடு இறுக மூடி நின்ற ஒருவனைக் கண்டாள். மெலிந்தவன். உதடு வெடித்திருந்தது. கண்ணுக்குக் கீழே உப்பு பொரிந்திருந்தது.

"நீ சொல்லு, அய்யா" என்று ராயப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். "நான் சொன்னது தப்பு. வாயத் திறந்து சொல்லு."

அவன் ஜெசிந்தாவைப் பார்த்தான். வாயைத் திறந்தான். வந்தது பெலிக்ஸின் குரல் இல்லை, ஆனால் பேச்சு பெலிக்ஸின் பேச்சு.

"ஜெசி, தோத்திரம். நான் சுகமா இருக்கேன். நீ சுகமா? இது ஒரு மீன்பிடிப் படகுக்காரன் போனு. அஞ்சு நிமிசம் தந்திருக்கான். அக்கா சுகமா? அக்காவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு? தைலம் தீந்திருந்தா வாங்கிக் குடு."

"எங்க நிக்கீய?" என்றாள் ஜெசிந்தா. "அதச் சொல்லுங்க. மொதல்ல அதச் சொல்லுங்க."

ஆனால் அனுப்பியது அனுப்பிய வரிசையில்தானே வரும். அந்தக் கரையில் பிறந்தவர்களுக்குக் கடிதம் என்றால் அப்படித்தான். எல்லாரையும் ஒரு சுற்று விசாரிக்காமல் விஷயத்துக்கு வரமாட்டார்கள். வந்தால் ஏதோ மனஸ்தாபம் என்று எடுத்துக்கொள்வார்கள். அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அஞ்சு நிமிஷம், ஒரே ஒரு கடிதம், நாக்கு ஒட்டிக்கொள்ளும் தாகம், அந்த நிலையிலும் அந்தப் பாவி மனிதன் மரியாதையை விடவில்லை.

"ராயப்பன் மாமா சுகமா? ஊர்ல எல்லாத்துக்கும் முன்னாடி நிக்கிறவுக, ஒனக்கு ஒண்ணுன்னா அவுககிட்டப் போ. மாமாவுக்கு என் தோத்திரத்தச் சொல்லு."

ராயப்பன் அவன் கால்களைப் பிடிக்கக் குனிந்தார். பிடிக்கக் கால் இல்லை. கைகள் உப்பில் பதிந்தன. நெஞ்சுவரை கரைந்துவிட்டது, தோள் மெலிந்தது, வலை ஒரு பக்கமாகச் சரிந்தது. சுற்றிலும் மற்றவர்கள் அந்தப் பெயரையே சொல்லிக்கொண்டிருக்க, குரல் நைந்து நூலாக வந்தது. ஜெசிந்தா அவன் வாயருகே காதை வைத்தாள்.

"மேற்கு வீட்டு மேரியக்கா பிள்ளைக்குப் பரீட்சை முடிஞ்சுதா? நம்ம சந்துக் குழாயில தண்ணி ஒழுங்கா வருதா? நீ தூரப் போயிச் சொமக்காத, ஜெசி..."

வலை தரையில் விழுந்தது. அடியில் எதுவும் இல்லை.

"வருது" என்றாள் ஜெசிந்தா, அந்த வலையிடம். "ஒருநாள் விட்டு ஒருநாள் வருது. நெறைய வருது." அதற்கு மேல் அவளிடமிருந்து வந்த சத்தத்தைக் கேட்டவர் ராயப்பன் ஒருவர்தான். அவர் அதைப் பற்றிக் கடைசிவரை யாரிடமும் பேசவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நானூற்றுப் பன்னிரண்டு பேர் மண்பாதையில் வந்தார்கள். கெபியடியில் நின்ற நான்கு இளவட்டங்களும் யார்கிட்டருந்து வாரே என்று முதல் ஆளைக் கேட்க, "தொம்மை அனுப்பினார்" என்று பதில் வந்தது. இரண்டாவது ஆளும் அதையே சொன்னான். பத்தாவது ஆளும், நூறாவது ஆளும். அவள் உப்பளத்தில் கத்தியது எல்லாருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது, இனி வரப்போகிறவர்களுக்கும். இளவட்டங்கள் ராயப்பனைப் பார்த்தார்கள். ராயப்பன் தலையைத் தொங்கப்போட்டு, "எல்லாரையும் விடுங்க" என்றார்.

ஜெசிந்தா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ராயப்பன் அவளுக்குப் பின்னால் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டார். லூர்தம்மா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஜெசிந்தா அதைத் தொடவில்லை. முதலில் வந்தவள் நர்ஸ் உடை உடுத்தியிருந்தாள். தொம்மை அனுப்பியதாகச் சொன்னாள். பிறகு முழங்கால் வலிக்கு ஒரு தைலத்தைப் பற்றியும், அது இன்று மட்டும் பாதி விலை என்பதையும், அதை வாங்கிய ஏழு பேர் என்ன சொன்னார்கள் என்பதையும் நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஜெசிந்தா கடைசிச் சொல் வரை கேட்டாள். அடுத்த ஆளை வரச் சொன்னாள்.